தாழ்ந்த குரலும் நிறைந்த குரலும்

மெல்லப் பேசுகிற மனிதனிடம் நமக்கு ஒரு மரியாதை உண்டு. அடக்கமானவன் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அப்படிப் பேசுகிறவர்களை நாலு நாள் பக்கத்தில் இருந்து கவனித்தால், எல்லா மென்மையும் ஒரே சரக்கு அல்ல என்பது தெரியும். ஒருவர், சொல்ல ஒன்றுமில்லாததால் மெல்லப் பேசுகிறார். இன்னொருவர், மனசில் இருப்பதில் முக்கால் பங்கை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மிச்சத்தைப் பேசுகிறார். அபூர்வமாக ஒருவர், தம்மிடம் உள்ளதையெல்லாம் அந்தத் தாழ்ந்த குரலிலேயே கொடுத்துவிடுகிறார். இவர்களைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஓர் உரைகல் கிடைத்தது. கிடைத்த இடம் கொல்லிமலை. கிடைத்த பொருள் ஒரு கிதார் ஆம்ப்ளிஃபயர்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போனால், ஊர்த் தொகுதிகளை அங்கே நாடு என்று சொல்வார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டனி நாடு என்று பெயர்கள். குண்டனி நாட்டில் என் சிநேகிதர் ஒருவருக்கு மிளகும் காப்பியும் உண்டு. அவருடைய மகன் பெங்களூரில் சில வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, ஒரு மின்சார கிதாரையும் அதற்கென்று ஐம்பது வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்திருந்தான்.

வால்வு என்பது, பழைய ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான பொருள்தான். கண்ணாடிக் குமிழுக்குள் சிவப்பாகக் கனலும் இழை. 1904-ல் இங்கிலாந்தில் ஃபிளெமிங்கும், 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்டும் தொடங்கிவைத்த வம்சம் அது. நம் நாட்டிலும் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் ரேடியோ வால்வுகளைச் செய்ய ஆரம்பித்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்து வால்வை வீடுகளிலிருந்து விரட்டிவிட்டது. கிதார் வாசிக்கிறவர்கள் மட்டும் அதை விடவில்லை.

காரணம் விசித்திரமானது. எந்தப் பெருக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் கேட்டால் அதனால் கொடுக்க முடியாது. ஒலி அலையின் தலை அங்கே வெட்டுப்படும். டிரான்சிஸ்டர் பெரும்பாலும் கத்தரித்த மாதிரி சட்டென்று வெட்டும். வால்வோ, எல்லையை நெருங்க நெருங்கக் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும். அலையின் தலை மழுங்கி, மூல ஸ்வரத்தோடு அதன் துணை ஒலிகளும் பொங்கி வரும். கிதார்க்காரர்கள் உயிர் என்று சொல்வது அந்தப் பொங்கலைத்தான். சக்தி தீர்ந்துபோகிற விளிம்பில்தான் அந்த இனிமை பிறக்கிறது.

சங்கடமும் அங்கேதான். ஐம்பது வாட்டை விளிம்புக்குக் கொண்டுபோனால் மலையே அதிரும். அங்கே இரவு எட்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும். அடுத்த வீட்டில் ஒரு பாட்டி. குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே சர்க்கார் விதி செய்திருக்கிறது. பாட்டிக்கு அந்த விதி தெரியாது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "வாசி கண்ணு, வேண்டாங்கல. எம்மேல வந்து விழுவாம வாசி."

விதியைக் காட்டிலும் இது நியாயமான வாக்கியம் என்று எனக்குத் தோன்றியது. அவள் சங்கீதத்தை மறுக்கவில்லை. தன் தூக்கத்தின்மேல் அதற்கு அதிகாரம் இல்லை என்கிறாள்.

பையன் என்னிடம் முறையிட்டான்: "குறைச்சா பாட்டுக்கு உசிரு போயிருது மாமா. ஏத்தினா பாட்டிக்குத் தூக்கம் போயிருது."

குமிழைத் திருகிக் குறைப்பது முதல் வழி. ஒலி தாழ்கிறது, கூடவே வெளிறிப்போகிறது. ஐம்பது வாட் ராட்சசன் அரை வாட்டில் தூங்குகிறான். மனசைப் பூட்டிவைத்துப் பேசுகிறவரின் மென்மை இது. முன்கட்டத்துச் சிறு வால்வுகளை மட்டும் திணறவிட்டுக் கடைசிக் கட்டத்தை அடக்கிவைக்கும் மாஸ்டர் வால்யூம் இரண்டாவது வழி. அதில் நல்ல சங்கீதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரிய வால்வுகள் அந்த உழைப்பில் சேர்வதில்லை.

மூன்றாவது, அட்டெனுவேட்டர் என்கிற மின்தடைப் பெட்டி. ஆம்ப்ளிஃபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே உட்கார்ந்து, வருகிற சக்தியில் பெரும்பங்கை உஷ்ணமாக விழுங்கிவிடும். தொட்டால் சுடும். முழுக்கோபத்தையும் உள்ளே எரித்துவிட்டு, வெளியே புன்னகையோடு பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஞாபகம் வந்தது. ஒலி பிழைக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் வால்வுகள் சீக்கிரம் தேய்கின்றன. சத்தமே வேண்டாமென்று ஒலிபெருக்கியைக் கழற்றிவிடுவதோ ஆபத்து. சுமை இல்லாமல் ஓடும் வால்வுப் பெட்டியில் மின்னழுத்தம் எகிறி, டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம். தன் சக்தியை ஏற்றுக்கொள்ள எதிரில் ஒருவருமில்லாத மனிதனும் அப்படித்தான் கெட்டுப்போகிறான்.

கடைசியில் அவன் சேலத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்து, ஈ.எல். 84 என்ற ஒற்றை வால்வில் ஐந்து வாட் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டான். இதில் புதுமை ஒன்றுமில்லை. எரிக் கிளாப்டன் 1970-ல் லைலா இசைத்தட்டைப் பதிவு செய்தபோது ஃபெண்டர் சாம்ப் என்னும் சின்னஞ்சிறு பெட்டியைத்தான் வைத்து வாசித்தார். ஆனால் நம் காது பொல்லாத கணக்குப்பிள்ளை. சக்தியைப் பத்தில் ஒரு பங்காக்கினால்தான் சத்தம் பாதியானதாக ஒப்புக்கொள்ளும். ஆகவே ஐந்து வாட்டும் பாட்டிக்கு அதிகமாகவே இருந்தது. தடைப்பெட்டியையும் இதனோடு சேர்த்தான். அது விழுங்க வேண்டியது இப்போது கொஞ்சம்தான். தாழ்ந்த ஒலியில் காதுக்கு அடிநாதம் முதலில் மறைந்துபோகும் என்று 1933-ல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதற்காக மந்தர ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்தான். பெட்டியைப் பாட்டி வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி, அதன் முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தான்.

நானும் அந்தப் பாயில் உட்கார்ந்து கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும் குரலளவுக்குத்தான் ஒலி இருந்தது. ஆனால் ஸ்வரம் வளைந்தது, பொங்கியது, அழுதது. சிறிய வால்வு தன்னிடம் இருந்ததையெல்லாம் செலவழித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிப்போனால் கேட்காது. கேட்க வேண்டுமானால் கிட்டே வரவேண்டும். வந்தவனை அது ஏமாற்றவில்லை.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. நாகஸ்வரம் வீதிக்குப் பிறந்தது. வீணை கூடத்துக்குப் பிறந்தது. நாகஸ்வரக்காரரைக் கூடத்தில் உட்காரவைத்து, ஊதாமல் ஊது என்று யாரும் கேட்டதில்லை. அவர் உரக்க வாசிப்பது குற்றமும் அல்ல.

அப்படியானால் பெரிய சக்தி படைத்தவன் என்ன செய்வது? அதற்கும் இந்த மலையிலேயே பதில் இருக்கிறது. இதை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் ஒரு காட்சி சொல்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் யாரென்று தெரியாமல் பாணர் கூட்டம் அவன் எதிரில் பாடுகிறது. கோ என்று அவன் பெயர் வந்ததும் அவன் வெட்கப்படுகிறான். வில்லில் அவன் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆளைக் கண்டதும் பெயரை முழங்கவுமில்லை. வேலை நடக்கிற இடத்தில் சக்தி முழுதும் இருந்தது. மற்ற இடத்தில் அதற்கு அவசியம் இல்லை.

அடக்கம் என்ற பெயரில் நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் குமிழைத் திருகிக் குறைக்கிற வித்தைதான். அதனால் பாதி உயிரோடு பேசுகிற மரியாதைக்காரர்கள் பெருகிவிட்டார்கள். அதைச் சகிக்காதவர்கள் ஊரை எழுப்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவே அந்தப் பையன் கண்டது சிரமமான வழி. இடம் எவ்வளவு, பக்கத்தில் படுத்திருப்பது யார் என்று பார்த்து, அதற்குத் தக்க கருவியைத் தேடி எடுத்து, பிறகு அதில் துளியும் மிச்சம் வைக்காமல் வாசிக்க வேண்டும். பாட்டி தூங்க வேண்டும். பாட்டும் உயிரோடு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும் என்று சொல்கிறவர்கள், வேறு கருவியைத் தேடிப் பார்க்காதவர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.