யாருடைய கழுத்து?

"சார், ஆபரேஷன் பண்ணிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா? கலந்து பேசிட்டு முடிவைச் சொல்லுங்க."

மருத்துவர் இதைக் கேட்டது என் கணவரிடம். திரையில் தெரிந்த எம்ஆர்ஐ படம் என்னுடையது. ஏழு மாதமாக வலது தோளில் தொடங்கிக் கட்டைவிரல் வரை இழுத்துக்கொண்டிருந்த வலியும் என்னுடையது. கரும்பலகையின் மேல்வரியைப் பார்க்க அண்ணாந்தால் கைக்குள் மின்சாரம் பாய்வது எனக்குத்தான். என் கணவர் நல்ல மனிதர். "பார்த்துச் சொல்றோம் டாக்டர்" என்றார். "என்னிடம் கேளுங்கள்" என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வகுப்பில் பெண்ணுடல் அரசியல் நடத்துகிற நான் கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

நம் மொழியில் பெண்ணின் கழுத்து மற்றவர்களுக்காகவே இருந்து வந்திருக்கிறது. தாலிக்கு நீட்டக் கழுத்து. வீட்டின் செல்வத்தை ஊருக்குக் காட்டக் கழுத்து. 'வெறுங் கழுத்து' என்றால் வசவு. இப்போது அதைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்வியும் அடுத்த நாற்காலிக்குப் போகிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. டெல்லியில் ஒரு பெண்ணைப் பரிசோதனைக்காக மயக்கத்தில் ஆழ்த்திய மருத்துவர், வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார். அந்த வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நினைவு திரும்பக் காத்திருக்கக்கூடிய நிலையில், வயதுவந்த பெண்ணுக்காக அவளைப் பெற்றவள்கூட ஒப்புதல் தர முடியாது என்றது. சிகிச்சை எது, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்கே சொல்ல வேண்டும் என்றும் சொன்னது.

ஆக, கையெழுத்து என்னுடையதுதான். முடிவும் என்னுடையதாக இருக்க என்ன வேண்டும்? இந்தக் கேள்விதான் அடுத்த சில வாரங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த முறை தனியாகப் போனேன். கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் பொறுமையாகவே பதில் சொன்னார். கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இப்படி நரம்பு அழுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை இல்லாமலே தேறிவிடுகிறார்கள். வலியே இல்லாத பலரின் எம்ஆர்ஐயிலும் டிஸ்க் தேய்மானம் தெரியும். அறுவை செய்தால் கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, டிஸ்க்கை எடுத்துவிட்டு, இரண்டு எலும்புகளையும் இணைப்பார்கள். கைக்கு இறங்கும் வலிக்கு அது நன்றாகக் கேட்கும். வெறும் கழுத்துவலிக்கு அந்த அளவு உறுதி சொல்ல முடியாது. விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் சில காலம் இருக்கலாம், சிலருக்குக் குரல் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆனால் தண்டுவடமே அழுத்தப்பட்டு, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ தள்ளிப்போடக் கூடாது. எனக்கு அவை எதுவும் இல்லை. கையில் பலமும் குறையவில்லை. அதனால்தான் இரண்டு வழியும் திறந்திருந்தன.

குரலை வைத்துப் பிழைப்பவளுக்கு இவ்வளவு தெரிந்தால் போதுமே, உடனே அறுவை வேண்டாம் என்றிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு அறுவை வேண்டும் என்றிருந்தது. ஏன் என்று என்னையே துருவிக் கேட்டபோது வந்த பதிலில் வெட்கப்பட்டேன். தையல் போட்ட கழுத்தை எல்லோரும் நம்புவார்கள். ஏழு மாதமாக "எப்பப் பார்த்தாலும் வலி வலிங்கிறா" என்று கேட்ட வீடு, கட்டுப்போட்டுப் படுத்திருப்பவளிடம் சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லாது. ஆறு வாரம் யாரும் கேள்வி கேட்காத ஓய்வு. என் வலிக்குச் சாட்சியாக ஒரு தழும்பு. இதற்காக நான் கழுத்தை அறுக்கக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

மறுபக்கமும் அப்படியே. அம்மா போனில், "பொம்பளைக்கு வலி புதுசா? பொறுத்துக்கடி, தன்னால போயிரும்" என்றாள். அறுவை வேண்டாம் என்று நான் முடிவெடுத்தால் அது அறிவின் முடிவா, பொறுத்துப்போகப் பழக்கிய வளர்ப்பின் முடிவா? வேண்டும் என்பதிலும் வேண்டாம் என்பதிலும் என் குரலோடு வேறு குரல்கள் கலந்திருந்தன.

அறுவையில்லாச் சிகிச்சையைச் சும்மா இருப்பது என்று நினைக்கிறார்கள். அதைப்போல நேரம் கேட்கும் சிகிச்சை இல்லை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி, தினம் இரண்டு வேளை உடற்பயிற்சி, குனிந்து செய்யும் வேலைக்கு நடுவே இடைவெளி, விடைத்தாள் திருத்தச் சாய்வுப் பலகை, ஒழுங்கான தூக்கம். 2019ஆம் ஆண்டின் தேசிய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் தந்தார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். என் பிசியோதெரபிச் சீட்டில் எழுதியிருந்த நேரம் அந்த 299இலிருந்துதான் வர வேண்டும். அது வராதபோது, "பிசியோ எனக்குக் கேட்கவில்லை" என்று நாமே சொல்லிவிடுகிறோம். செய்யாத சிகிச்சையைத் தோற்ற சிகிச்சை என்று எழுதிவிட்டுக் கத்திக்குப் போகிறோம்.

எனவே வீட்டில் உட்கார்ந்து பேசினேன். பன்னிரண்டு வாரம். அதற்குள் கைப்பலம் குறைந்தாலோ, வலி தணியாவிட்டாலோ அறுவை. தேதியையும் நானே குறிப்பேன். அதுவரை காலைச் சமையல் கணவருடையது, துணியும் கடைவேலையும் மகனுடையது. முதல் வாரம் தோசை கருகியது. நான் எழுந்து போகவில்லை. எழுந்து போகாமல் இருந்ததுதான் எல்லாவற்றிலும் கடினமான பயிற்சி.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. பாத்திரமும் வீடு துடைப்பதும் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடம் கூடுதலாகப் போயின. ஒருநாள் என் பயிற்சியைப் பார்த்து, "எனக்கும் அங்கதாம்மா பிடிச்சு இழுக்குது" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் தெருக்குழாயில் குடம் தூக்கிவிட்டு, நான்கு வீடு முடித்துவிட்டு வருகிறார். சம்பளத்தைக் கூட்டினேன். துடைப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினேன். என் பயிற்சிகளையும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பயிற்சி செய்ய அவருக்கு எந்த நேரத்தை நான் கொடுத்தேன்? ஒரு பெண்ணின் ஓய்வு இன்னொரு பெண்ணின் கழுத்தில் இறங்கும்வரை அதை விடுதலை என்று எழுத என் பேனா தயங்குகிறது.

பன்னிரண்டு வாரத்தில் கட்டைவிரல் வலி போய்விட்டது. கழுத்துப் பிடிப்பு இன்னும் வந்து போகிறது. அறுவை செய்துகொண்டவர்களைவிட நான் சரியாக முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன். என் துறைத் தோழி ஒருத்திக்குக் கை பலமிழக்கத் தொடங்கியது. அறுவை செய்துகொண்டாள், நலமாக இருக்கிறாள். அவளுடைய முடிவும் சரிதான்.

உங்களுக்கும் ஒருநாள் இப்படியொரு நாற்காலியில் உட்கார வேண்டி வரலாம், கழுத்தோ கருப்பையோ முழங்காலோ. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு முன் உங்களிடமே இரண்டைக் கேளுங்கள். நான் நம்பப்பட வேண்டும் என்பதற்காக இதைச் செய்துகொள்கிறேனா? பொறுமைசாலி என்ற பெயருக்காக வேண்டாம் என்கிறேனா? இரண்டுக்கும் இல்லை என்று சொல்ல முடிந்தால், அதன்பின் போடுகிற கையெழுத்து உங்களுடையது.

மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் பழக்கத்தில் என் கணவரைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்காங்க?" என்றார். கணவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்.