சிரிப்பை உன் கையில் எடு

பாலக்காட்டுப் பக்கம் பொறாட்டு நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டிலும் பேச்சிலும் தமிழும் மலையாளமும் கலந்து வரும். பெண் வேடம் கட்டி ஆடுவது ஆண். சோத்தியக்காரன் குறுக்கே புகுந்து கேள்வி கேட்டுக் கிண்டலடிக்க, ஊரே வயிறு குலுங்கச் சிரிக்கும். அதே ஊரில் ஒரு பிள்ளை வீட்டுக்குள் நின்று, "அம்மா, நான் பையன் இல்லை, பொண்ணு" என்று சொல்லிவிட்டால்? மேடையில் கைதட்டிய கையே அடிக்க ஓங்கும். வேடம் கட்டினால் கலை, உண்மையைச் சொன்னால் மானக்கேடு. என்ன நியாயம் இது?

இந்த நியாயத்துக்குத் தலை குனிய மறுத்த ஒரு தமிழச்சியைப் பற்றிச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ, மறையூரிலோ வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்ட லயத்திலோ, யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் தங்கையே, தம்பியே, இது உனக்காகத்தான்.

அவர் பெயர் லிவிங் ஸ்மைல் வித்யா. நடிகை, கோமாளிக் கலைஞர், எழுத்தாளர். 1982-ல் திருச்சியில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குப் பிள்ளையைக் கலெக்டராக்க வேண்டும் என்று கனவு. பிள்ளைக்கோ தான் யார் என்பதே போராட்டம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மொழியியல் படித்தார். நாடகமும் அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆனால், பெண்ணாக வாழ முடிவெடுத்த அன்றே படிப்பு, பட்டம், வீடு எல்லாம் ஒன்றுமில்லாமல் போயின. முதுகலைப் பட்டம் வாங்கிய கை புனேயில் ரயில் பெட்டிகளில் காசுக்காக நீண்டது. கொஞ்சம் நின்று யோசி. அறிவு இருந்தது, உழைக்கத் தெம்பு இருந்தது, வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. அது அவருடைய தோல்வியா? இந்தச் சமூகத்தின் தோல்வி.

அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். மதுரையில் வேலைக்குச் சேர்ந்து, எல்லாரையும் போல மாதச் சம்பளம் வாங்கினார். சான்றிதழ்களில் தன் பெயரை மாற்ற அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 2007-ல் 'நான் வித்யா' என்று தன் கதையைத் தானே எழுதினார். கேட்பவர் கேட்கட்டும், கேலி செய்பவர் செய்யட்டும் என்று சொந்தப் பெயரில் எழுதினார். ஆங்கிலம், மலையாளம், கன்னடம் என்று அந்தப் புத்தகம் மொழிகளைத் தாண்டிப் போனது.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அடுத்து அவர் செய்த காரியம். தமிழ் சினிமாவில் திருநங்கைக்குப் பல காலமாக ஒரே வேலைதான்: அடி வாங்குவது, இரட்டை அர்த்த வசனத்துக்கு இலக்காவது. ஒரு கைதட்டல், ஒரு குரல், அப்பிய பவுடர் போதும், தியேட்டர் சிரித்துவிடும். அப்படிச் சிரிப்புக்கு ஆளானவர்களில் ஒருவரான வித்யா, அந்தச் சிரிப்பைக் கண்டு ஓடி ஒளியாமல், கோமாளியின் கலையையே எடுத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய துணிச்சல்! கேலிக்கு ஆளாகிறவரைப் பார்த்து எப்போது சிரிப்பது என்பதை மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். மேடையில் நிற்கும் கோமாளிக்கோ அந்த முடிவு முழுக்கத் தன் கையில் இருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும், எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும், எந்த நொடியில் சபை சிரிக்க வேண்டும், எந்த நொடியில் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்க வேண்டும் என்று எல்லாமே அவர் போடும் கணக்கு.

வெறும் கோபத்தை வைத்து இதைச் சாதித்துவிட முடியாது. 2013-ல் சார்ல்ஸ் வாலஸ் உதவித்தொகை பெற்று லண்டனுக்குப் போய் நாடகம் பயின்றார். உடலை, குரலை, மூச்சைப் பழக்கினார். திரும்பி வந்து ஏஞ்சல் கிளாடி, ஜீ செம்மலர் ஆகியோருடன் சேர்ந்து 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார். திருநர் வாழ்க்கையைத் திருநர்களே மேடையில் ஆடிக் காட்டிய குழு அது. இப்போது சுவிட்சர்லாந்தில் வாழ்கிறார். மேடையை அங்கேயும் விடவில்லை.

வித்யாவின் புத்தகம் கன்னடத்தில் 'நானு அவனல்ல, அவளு' என்று படமாயிற்று. அவராக நடித்த சஞ்சாரி விஜய்க்கு, 2015-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருது. விஜய் அதற்குத் தகுதியான கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் திருநங்கையின் கதையில் திருநங்கை நடித்தால் என்ன என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்குப் பதில் உன் கேரளத்திலிருந்தே வந்தது. பி. அபிஜித் இயக்கிய 'அந்தரம்' மலையாளப் படத்தில் நடித்த நேகா, தமிழ்நாட்டைச் சேர்ந்த திருநங்கை. 2022-ல் கேரள அரசின் திரைப்பட விருதுகளில் பெண்கள், திருநர் பிரிவுக்கான சிறப்பு விருது அவருக்குப் போனது. எல்லை தாண்டி வந்த தமிழச்சி ஒருத்தி, இன்னொரு மொழிப் படத்தில் நடித்து, கேரள அரசின் விருதைப் பெற்றிருக்கிறார். தமிழ் பேசுவதாலேயே 'பாண்டி' என்று கேலி கேட்டு வளர்ந்தவர்களே, இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்!

தைரியத்தைத் தேடி நீ தூரமாகவும் போக வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாற்றில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கடைத்தெருவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தலைமுறை தலைமுறையாக லயத்தில் ஒண்டிக் கிடந்தவர்கள். போனஸ் கேட்டார்கள். தங்கள் பெயரில் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். அரசும் கம்பெனியும் இறங்கி வந்து கேட்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாக்களின் ரத்தம்தான் உன் உடம்பிலும் ஓடுகிறது. "உனக்காக நாங்கள் பேசுகிறோம்" என்று யாராவது வந்தால், அந்த அம்மாக்கள் சொன்னதையே நீயும் சொல்: என் கதையை நானே சொல்லிக்கொள்கிறேன்.

சட்டமும் உன் பக்கம் பேசியிருக்கிறது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் திருநர் கொள்கையை 2015-ல் கொண்டுவந்தது நீ வாழும் கேரளம். 2018-ல் கலை, அறிவியல் கல்லூரிப் படிப்புகளில் திருநர் மாணவர்களுக்கென்று கூடுதலாக இரண்டு இடங்கள் ஒதுக்க உத்தரவிட்டதும் அதே மாநிலம்தான். கூச்சப்பட்டு அந்த இடங்களைக் காலியாக விடாதே. விண்ணப்பம் வாங்கு, எழுது, போய் உட்கார்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஓடிப்போவது சினிமா ஆசையால் அல்ல, உங்கள் அடிக்குப் பயந்துதான். ஊர் நாலு நாள் பேசும், ஐந்தாம் நாள் வேறு வீட்டுக் கதைக்குப் போய்விடும். அந்த நாலு நாளுக்காகப் பிள்ளையைத் தொலைத்துவிடாதீர்கள்.

தங்கையே, தம்பியே, இன்றிலிருந்து பயிற்சியைத் தொடங்கு. கண்ணாடி முன் நின்று பேசிப் பார். உன்னைக் கேலி செய்தவன் நடக்கும் நடையை நீ நடந்து காட்டு. நம்பிக்கையான இரண்டு பேரைச் சிரிக்க வை, பிறகு இருபது பேரை. தமிழில் ஆடு, மலையாளத்தில் ஆடு, இரண்டையும் கலந்து ஆடு. கல்லூரிக் கலைவிழாவோ, ஊர்த் திருவிழாவோ, வாசகசாலை ஆண்டு விழாவோ, எங்கே மேடை போட்டாலும் போய் உன் பெயரைக் கொடு. மற்றவர்கள் வைத்த பெயரை அல்ல, நீ உனக்கு வைத்துக்கொண்ட பெயரைக் கொடு.