ஆற்றுக்கு ஊரே காவல்

மழைநீரை உறிஞ்சி வைத்து, கோடையில் கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றெடுக்கச் செய்வது ஆற்று மணல். தாமிரபரணியில் அது லாரி லாரியாகப் போனபோது, ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு, எண்பதைத் தாண்டிய வயதிலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் மணல் அள்ள 5 ஆண்டுத் தடை வந்தது.

டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து, மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி வட்டார ஊர்களும் 2024-இல் கிராமசபைத் தீர்மானம் போட்டன; 2025 ஜனவரியில் மதுரை வரை திரண்டு நடந்தன. அதே மாதம் சுரங்க ஏலம் ரத்தானது.

தடைக்குக் காலக்கெடு உண்டு. ஊரார் விழிப்புக்குக் கெடு வைக்க யாராலும் முடியாது. அடுத்த கிராமசபைக்கு, ஆற்றுக்காக ஒரு தீர்மானத்தோடு போங்கள். பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் போங்கள்.