ஒரு நாழிகை



எங்கள் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் ஒரு சொல் உண்டு. "நேரமில்லை" என்பதே அது. கோயிலுக்கு ஏன் வரவில்லை என்றாலும், பிள்ளையின் பாடத்தைப் பார்த்தீர்களா என்றாலும் அதே மறுமொழிதான். இது உண்மையா, அல்லது பழகிப்போன சாட்டா என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1980களின் இறுதியில் வில்லரேயில் குடியேறியபோது இரவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன்; பகலில் நித்திரை. பிரெஞ்சு படிக்கும்படி பலர் சொன்னார்கள். "வேலை ஒரு சீருக்கு வரட்டும், பிறகு படிக்கலாம்" என்றேன். வேலை சீருக்கு வந்தது, பிரெஞ்சு வரவில்லை.

1977 ஆம் ஆண்டின் 101 ஆவது சட்டத்தின் பயனாக, கியூபெக்கில் குடியேறியோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைக்கே செல்கின்றனர். ஒருநாள் ஒன்பது வயது மகள் கொண்டுவந்த கடிதத்தை அவளிடமே நீட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்றேன். "ஒண்டுமில்லை அப்பா" என்றாள். அவள் வகுப்பில் ஒருவரோடும் சேராமல் தனித்திருக்கிறாள் என்று ஆசிரியை எழுதிய கடிதம் அது என்பதை, இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் வாசித்துச் சொல்லித்தான் அறிந்தேன். "பிறகு" என்று நான் சொன்னதற்கு விலை கொடுத்தவள் என் பிள்ளை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நாம் அறிவோம். அவரும் ஊரைவிட்டுக் கடல் கடந்தவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். அரசாங்க உத்தியோகம், வழக்கறிஞர் தொழில், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி என்று அவர் காலம் போயிற்று. இவற்றுக்கு நடுவேதான் பழைய சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். தொட்டால் உதிரும் ஏடுகளின் நிலையைப் பதிப்புரையில் வருந்தி எழுதியிருக்கிறார். பதவிகளெல்லாம் முடியட்டும் என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் ஏடு காத்திராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவருக்கும் நாளொன்றுக்கு 60 நாழிகைதான். "ஓய்வு வந்ததும் செய்வேன்" என்பது ஒரு மனம்; "கிடைத்த நேரத்தில் செய்வேன்" என்பது இன்னொரு மனம். வேறுபாடு அங்கேதான் உள்ளது.

"அவர் கற்றவர், எங்களைப்போல இரண்டு வேலை செய்து கால் கடுக்க நின்றவரா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பன்னிரண்டு மணித்தியாலம் நின்று உழைத்தவரின் நித்திரை சோம்பல் ஆகாது. அவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் களைப்பினால் போகும் நேரம் வேறு, "பிறகு" என்ற நினைப்பினால் போகும் நேரம் வேறு. எது எதுவென்று பிறர் சொல்ல முடியாது. அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்துக்குப் பின் நான் பெரிய சபதம் எதுவும் எடுக்கவில்லை. ஜாரி நிலையத்தில் ரயில் ஏறி வேலைக்குப் போகும் வழியில் நாளுக்கு ஒரு நாழிகை பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். விடாது செய்தால் ஆண்டுக்கு 146 மணித்தியாலம் சேரும். பிழை பிழையாகத்தான் பேசினேன். மகள் சிரித்துத் திருத்துவாள். அப்படித் திருத்த உட்கார்ந்த ஒரு மாலையில்தான், வகுப்பில் தனக்கு நடந்ததையெல்லாம் தானாகவே சொன்னாள். நான் தேடியது பாஷையை, கிடைத்தது பிள்ளை.

இன்று அவளும் ஒரு தாய். மகனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு என்றால், "நேரமில்லை அப்பா" என்கிறாள். நான் ஏசுவதில்லை, ஏசும் தகுதியும் எனக்கில்லை. "ஒரு நாழிகை போதும் பிள்ளை" என்று மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைப் பருவமும் ஓர் ஏடுதான். நமக்கு ஓய்வு வரும்வரை அது காத்திராது. அடுத்த முறை பூசை முடிந்து வீடு திரும்பும்போது, நீங்கள் "பிறகு" என்று ஒதுக்கிவைத்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதற்கு அன்றே ஒரு நாழிகை கொடுங்கள். எல்லாம் வல்ல இறைவன் துணைநிற்பாராக.