இடிபாட்டு ஜல்லியும் மலமும்

உலகம் ஒடுங்கும், ஆனால் அழியாது. உயிர்களைப் பிணித்திருக்கும் மலம் மிச்சம் இருப்பதால் மீண்டும் தோன்றும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்திலேயே இதை நிறுவிவிடுகிறார். சாலைப் பணியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, இதைப் படிக்கும்போதெல்லாம் இடித்துத் தள்ளிய கட்டடங்களின் குவியல்தான் கண்முன் வரும். அது அழிந்த வீடா, ஒடுங்கிய வீடா?

ஒடுங்கிய வீடுதான். கான்கிரீட்டை உடைத்துக் கம்பியை உருவிச் சலித்தால் ஜல்லி கிடைக்கும். அதைக் குளிர் தார்க் கலவையில் சேர்க்கலாம். சூடான கலவைக்கு ஜல்லியையும் தாரையும் 150 டிகிரி அளவுக்குக் காய்ச்ச வேண்டும். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அந்தப் புகையில் நின்று பரப்பும் தொழிலாளர்களை நெடுங்காலம் பார்த்திருக்கிறேன். குளிர் கலவையில் அந்த அனல் இல்லை. தாரை நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்த எமல்ஷன் ஜல்லியில் பட்டபின் உடையும். பழுப்பு நிறம் கறுக்கும், தண்ணீர் பிரியும், தார் கல்லைப் பற்றிக்கொள்ளும்.

ஆனால் இடிபாட்டு ஜல்லியில் பழைய சிமென்ட் காரை ஒட்டியே இருக்கும். அந்தக் காரை முழுக்க நுண்துளைகள். குவாரிக் கல்லைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் கலந்தால் எமல்ஷன் முந்தியே உடைந்து, பாதிக் கல் பூச்சில்லாமல் நிற்கும். முன்பே நனைக்க வேண்டும். எமல்ஷனைக் கூட்ட வேண்டும். வலுவுக்குச் சிறிது சிமென்டும் வேண்டும். காரையை முழுக்க உரித்தெடுக்கக் கட்டுப்படியாகாது. ஆணவ மலம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்று சித்தாந்த வகுப்பில் ஐயா சொன்னபோது, இந்தக் கல்லை நினைத்துத்தான் அதைப் புரிந்துகொண்டேன்.

இந்த ஒப்புமையை மேலும் நீட்டினால் சித்தாந்தமே மறுக்கும். கல் சடம், அதற்கு வினையும் இல்லை, மலமும் இல்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோலச் சாலையில் ஜல்லியும் ரோலரும் தாமாக எதுவும் செய்துவிடவில்லை. வினை முழுவதும் நிமித்தமாக நிற்கும் மனிதனைச் சேர்ந்தது. இரவோடு இரவாக ஏரிக்கரையில் இடிபாட்டைக் கொட்டுகிறவர் ஏரியையும் கெடுக்கிறார், இன்னொரு மலை உடைபடவும் காரணமாகிறார். இதைப் பாவம் என்றே சொல்வேன்.

கனரக லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையின் மேற்பரப்புக்கு இடிபாட்டு ஜல்லி சேர்ந்த குளிர் கலவையை நான் சொல்ல மாட்டேன். வலுவடைய நாளாகும், அதற்குள் மழை வந்தால் கெடும். ஊர்ச் சாலைக்கும் குழி அடைப்பதற்கும் போதும்.

கான்கிரீட், மண், செங்கல் காரை, கம்பி மரம் பிளாஸ்டிக் என்று நான்காகப் பிரிக்கும்படி 2016ஆம் ஆண்டின் மத்திய விதிகள் பெரிய கட்டுமானங்களுக்குச் சொல்லியிருந்தன. சிறிய வீட்டை இடிப்பவர்களும் அதைச் செய்யலாம். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. வீட்டை இடிக்கக் கொடுக்கும் முன், லாரி எங்கே போகிறது என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகே பணம் கொடுங்கள்.