தாய்ப்பால் யார் கடன்?

பிள்ளை பெற்று மூன்றாம் நாள் வார்டில் படுத்திருக்கும் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "பால் பத்துதா?" என்றுதான். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது: பால் அவளுடைய பொறுப்பு, குறைந்தால் குறை அவளுடையது. தாய்ப்பாலைப் போற்றாத சமயம் இல்லை. அந்தப் போற்றுதலோடு ஒரு கட்டளையும் சேர்ந்தே வருகிறது. பாலூட்டுவது தாயின் தருமம் என்று ஆன்மிக மேடையில் பேசுகிறவரும் சொல்கிறார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும் தாய்ப்பால் வாரச் சுவரொட்டியும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. அந்தத் தருமத்தின் பாரம் யார் தலையில் விழ வேண்டும் என்பதுதான் என் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலூட்டல் முதலில் அந்தத் தாயைச் சுற்றியிருப்பவர்களின் கடன். அவர்கள் தங்கள் பங்கைச் செலுத்தும்வரை அவளிடம் கடமை பேச எவருக்கும் தகுதி இல்லை.

இயற்கையாக நடப்பதற்குச் சுற்றத்தார் எதற்கு என்று கேட்கலாம். குழந்தை சப்பத் தெரிந்தே பிறக்கிறது. தாய்க்கு அப்படி எதுவும் கூடப் பிறப்பதில்லை. அவள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழந்தை வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போகும்படி, மோவாய் மார்பில் படும்படி கவ்வ வேண்டும். வெறும் காம்பை மட்டும் கவ்வினால் காம்பு வெடிக்கிறது, வலி உயிர் போகிறது, பால் சரியாக இறங்குவதில்லை. முதல் இரண்டு நாள் வரும் சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். குழந்தைக்கு அது போதும், ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குப் போதாது. குழந்தை அழுகிறது. பால் இல்லை என்று யாரோ சொல்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீரோ பவுடர் பாலோ வருகிறது. வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகச் சப்புகிறது. எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அவ்வளவுதான் மறுபடி ஊறும் என்பது உடம்பின் கணக்கு. ஆகவே ஒரு வாரத்தில் பால் உண்மையாகவே குறைந்துபோகிறது. முன்பு அக்காவும் அத்தையும் அண்ணியும் பால் கொடுப்பதைத் திண்ணையிலும் அடுக்களையிலும் பார்த்தே ஒரு பெண் வளர்ந்தாள். இன்று பல வீடுகளில் ஒரு பெண் மடியில் வாங்கும் முதல் பச்சிளங்குழந்தை அவள் பெற்ற குழந்தைதான். பார்க்கக் கிடைக்காத ஒன்றைத் தெரியவில்லை என்று பழிப்பது நியாயமாகாது.

இதைவிட ஆழமான ஒரு செய்தியும் உண்டு. 1948இல் மைக்கேல் நியூட்டனும் அவர் மனைவி நைல்ஸ் நியூட்டனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாலூட்டும் தாயாக இருந்த நைல்ஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். கால்களைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைத்தார்கள், கால்விரலை வலிக்க இழுத்தார்கள், கணக்குக் கேட்டுப் பதற வைத்தார்கள். குழந்தைக்குக் கிடைத்த பால் தெளிவாகக் குறைந்தது. அதே தொல்லைகளுக்கு நடுவே ஆக்சிடோசின் ஊசி போட்டபோது பால் மறுபடி இறங்கியது. மார்பில் பால் ஊறியிருந்தாலும் அதை இறக்கிவிடுவது அந்த ஹார்மோன். வலியும் அச்சமும் பதற்றமும் அதைத் தடுக்கின்றன. அப்படியானால் ஒரு தாயின் பால் அவள் உடம்புக்குள் மட்டும் முடிகிற விஷயம் இல்லை. அவளை எப்படி நடத்துகிறோம் என்பதும் அதில் கலந்திருக்கிறது. ஒருவரால் இயலாததை அவர் செய்தே ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது. அறவியலில் இது அடிப்படைப் பாடம். தாயின் இயலுமை மற்றவர்கள் கையில் இவ்வளவு தூரம் இருக்கும்போது, கடமையும் அந்தக் கைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் சமய மரபுகளைக் கூர்ந்து பார்த்தால் அவையும் இதைத்தான் சொல்கின்றன என்று நினைக்கிறேன். திருச்சி மலைக்கோட்டையில் உறையும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். ரத்தினாவதி என்ற வணிகர் குலப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. துணைக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்து, வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்வரை உடனிருக்கிறார். இந்தத் தலபுராணத்தை ஆண்டுதோறும் செட்டிப்பெண் மருத்துவம் என்று விழாவாகவே நடத்துகிறார்கள். இதில் என்னை நிறுத்தி வைப்பது இறைவன் எடுத்த வடிவம். நினைத்தால் வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம். வலியே இல்லாமல் குழந்தையைப் பிறக்கவும் வைத்திருக்கலாம். வைத்தியனாகவும் வந்திருக்கலாம். ஏற்கெனவே பிள்ளை பெற்று வளர்த்த, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பெண்ணாக வந்தார். பச்சை உடம்புக்காரிக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது எது என்பதில் இந்தக் கதைக்கு ஒரு தெளிவான கருத்து இருக்கிறது. முருகனை வளர்க்கவும் ஒருத்தி போதவில்லை; கார்த்திகைப் பெண்கள் அறுவர் வேண்டியிருந்தது. வேளாங்கண்ணித் தலவரலாற்றில் மாதாவே, பால் கொண்டு போகும் ஒரு சிறுவனிடம் தன் குழந்தைக்குப் பால் கேட்கிறார். கேட்பதால் அவர் மாண்பு குறைந்ததாக எந்த விசுவாசியும் நினைப்பதில்லை.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம் இந்த வகையில் எனக்கு மிக முக்கியமானது. தாய்மார் இரண்டு ஆண்டு பாலூட்டுவதைப் பற்றி அது தொடங்குகிறது, ஆனால் அங்கே நின்றுவிடுவதில்லை. அவளுக்கு உணவும் உடையும் தருவது தந்தையின் பொறுப்பு என்று உடனே சொல்கிறது. யார் மீதும் அவர் சக்திக்கு மேல் சுமத்தக் கூடாது, குழந்தையை முன்னிட்டுத் தாய்க்கு இன்னல் நேரக் கூடாது என்கிறது. இருவரும் கலந்து பேசி, மனமொத்து முன்னதாகவே பாலை நிறுத்தினால் குற்றமில்லை என்கிறது. வேறொருத்தி பாலூட்டவும் இடம் தருகிறது. இந்த வசனம் மணமுறிவைப் பற்றிய வசனங்களுக்கு நடுவே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மணவாழ்வே முறிந்தாலும் பாலூட்டுகிறவளைத் தாங்கும் கடன் முறிவதில்லை. இதன் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு தாய்க்கு உபதேசம் செய்பவர்கள், வசனத்தின் பெரும்பகுதி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

புராணம் தாய்மையைத் தூக்கிப் பிடித்துப் பெண்ணைக் கட்டிப்போட்ட கருவிதானே, அதிலிருந்து பெண்ணுக்கு விடுதலை தேடுவது முரண் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதே மரபுகளின் நிழலில்தான் செவிலித்தாய் வழக்கமும் நெடுங்காலம் நடந்தது. வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போன ஏழைப் பெண்ணின் சொந்தக் குழந்தை பல நாடுகளில் பசியோடு கிடந்தது என்பது வரலாறு. அதனால்தான் நான் சொல்லும் தோழி, அதாவது தானும் பிள்ளை பெற்றுப் பாலூட்டி, இன்னொரு தாய்க்கு உடனிருக்கும் பெண், எதைக் கொடுக்கிறாள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவள் தன் பாலைக் கொடுப்பதில்லை. தான் பட்டுத் தெரிந்துகொண்டதைக் கொடுக்கிறாள். கொடுப்பதால் அவள் குழந்தைக்கு ஒரு துளியும் குறைவதில்லை. பழைய கதைகளில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த உடனிருப்பை. தாயைப் பீடத்தில் ஏற்றித் தனியாக விடும் பகுதியைத் தள்ளிவிடலாம். எந்த மரபையும் பின்பற்றுகிறவர்கள் இப்படித் தேர்ந்தெடுத்துத்தான் வாழ்கிறார்கள்.

இந்த உடனிருப்பு உண்மையில் பயன் தருகிறதா? டாக்காவில் நடந்து 2000இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு வலுவான சான்று. அந்தந்தப் பகுதியிலேயே வசிக்கும் தாய்மார்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை பதினைந்து முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள், இந்தத் துணை கிடைத்த பகுதிகளில் 70 விழுக்காடு. கிடைக்காத பகுதிகளில் 6 விழுக்காடு. இரண்டு பகுதிப் பெண்களும் ஒரே நகரத்தவர், ஒரே மாதிரி வறுமை, ஒரே மாதிரி பாசம். முன்னவர்கள் நல்ல தாய்மார், பின்னவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? அதற்கு ஓராண்டு முன்பு வெளிவந்த மெக்சிகோ நகரத்து ஆய்விலும் இதே போக்குதான்: ஆறு முறை வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றாம் மாதத்தில் 67 விழுக்காடு, மூன்று முறை வந்தால் 50, வராவிட்டால் 12. தாயின் ஒழுக்கம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பங்கு, கதவைத் தட்டி உள்ளே வரும் இன்னொரு பெண்தான் என்று இந்த எண்கள் காட்டுகின்றன.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. 2011இல் வெளியான ஒரு பெரிய ஆப்பிரிக்க ஆய்வில் புர்கினா ஃபாசோவிலும் உகாண்டாவிலும் தோழிகளின் துணை நன்றாக வேலை செய்தது. தென்னாப்பிரிக்காவில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் துணை இல்லாத பகுதிகளில் 6 விழுக்காடு, துணை கிடைத்த பகுதிகளில் 10, அவ்வளவுதான். பிரிட்டனில் நடந்த பல முயற்சிகள் பலனே தரவில்லை. இதை மறைக்கத் தேவையில்லை. வேலைக்குத் திரும்பும் அவசரம், புட்டிப்பாலே வழக்கமாகிவிட்ட சூழல், மருத்துவமனையின் போக்கு இவையெல்லாம் மாறாமல், வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒருத்தி மட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. கடன் சுற்றத்தாருடையது என்று நான் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரியை மட்டும் சொல்லவில்லை. முதலாளியும் அரசும் கணவனும் அந்தச் சுற்றத்தில் உண்டு. பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பைப் பற்றிப் பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் ஆளுக்கொரு கடன் இருக்கிறது.

இன்னும் கடினமான எதிர்வாதம் பெண்ணியத் தரப்பிலிருந்து வருகிறது. ஊக்குவிப்பு என்ற பெயரில் நடப்பது புதுவகைக் கட்டாயம்தான், தாய்ப்பாலைப் புனிதமாக்கி அதைக் கொடுக்காதவளைக் குற்றவாளி ஆக்குகிறார்கள் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் எலிசபெத் பதந்தேர் 2010இல் ஒரு நூலே எழுதினார். அவர் சொல்லும் குற்றவுணர்வு கற்பனை இல்லை. மார்பில் அறுவை செய்துகொண்டவர்கள், சில மருந்துகள் எடுக்க வேண்டியவர்கள், எவ்வளவு முயன்றும் பால் போதாதவர்கள் இருக்கிறார்கள். கொடுக்க வேண்டாம் என்று தீர்மானித்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் தத்துவவாதி ஃபியோனா வுல்லர்ட் ஒரு வேறுபாட்டைச் சுட்டுகிறார்: ஒன்றைச் செய்ய நல்ல காரணம் இருப்பது வேறு, அதைச் செய்யும் கடமை இருப்பது வேறு. தாய்ப்பால் கொடுக்க நல்ல காரணங்கள் உண்டு. பெலாரஸில் பதினேழாயிரம் தாய்-சேய் இணைகளை வைத்து நடந்த ஆய்வில், பாலூட்டலுக்கு ஆதரவு கொடுத்த மருத்துவமனைகளின் குழந்தைகளுக்கு வயிற்றுத் தொற்று குறைவாகவே வந்தது. அந்தக் காரணங்களை வைத்துக்கொண்டு, கொடுக்காத தாய் ஒவ்வொருத்தியும் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்க முடியாது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். என் வாதம் இதனால் வலுப்பெறுகிறது. தாயிடம் இருப்பது உரிமை. அந்த உரிமையை அவள் பயன்படுத்த வழி செய்வது மற்றவர்களின் கடமை. நல்ல தோழி பவுடர் பால் கொடுக்கும் தாயின் பக்கத்திலும் உட்காருவாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து அளவு பார்த்துக் கலக்கக் கற்றுத் தருவாள். இந்தியாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் இதே அறத்தில் நிற்கிறது: பால் பவுடர் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுக்கிறது, தாயைத் தண்டிப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் மருத்துவமனையில்தான் பிள்ளை பெறுகிறார்கள். அப்படியும் பிறந்த ஒரு மணி நேரத்தில் பால் பெறும் குழந்தைகள் சுமார் 60 விழுக்காடு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை சுமார் 55 விழுக்காடுதான். கட்டிலும் மருத்துவரும் கிடைத்துவிட்டார்கள், உடனிருப்பவள் கிடைக்கவில்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 26 வார மகப்பேறு விடுப்பு ஏறக்குறைய அந்த ஆறு மாதத்துக்குச் சமம். ஆனால் சித்தாள் வேலைக்கும் களை எடுக்கவும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்ணை அது எட்டுவதில்லை. தோழிகளின் துணை என்பதும் பெண்கள் இலவசமாகச் செய்யும் இன்னொரு சேவையாகிவிடக் கூடாது. ஒவ்வொரு பேறுகால வார்டிலும், ஒவ்வொரு அங்கன்வாடிப் பகுதியிலும், அந்தத் தெருவிலேயே பிள்ளை பெற்று வளர்த்த ஒரு பெண்ணைப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். முறைசாராத் தொழிலாளிக்கும் ஆறு மாதக் கூலியை ஈடுகட்ட வேண்டும். குழந்தை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பால் பத்துதா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். தூங்கவில்லை என்றால் குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.