ஆட்டுவிப்போனும் ஆடும் பாவையும்



“ஆட்டுவிக்கிறவன் அவன், ஆடுகிற பொம்மைகள் நாம்” என்னும் சொல் ஆஸ்திகர் வீடுகளில் அன்றாடம் வழங்குவது. புத்திரனைப் பறிகொடுத்த தாயும் அதைச் சொல்லி ஆறுதல் தேடுகிறாள். தம்பியின் பங்கைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட தமையனும், பஞ்சாயத்தார் வினவும்போது, அதையே சொல்லித் தலையைக் குனிந்துகொள்கிறான். சொல் ஒன்றுதான். இருவர் வாயிலும் அது ஒரே பொருளைத் தருமா? ஸர்வேச்வரன் ஸர்வநியந்தா என்பது வேதாந்தத்தின் முடிந்த முடிபாயிருக்க, தமையனுடைய விடையை மட்டும் சாஸ்திரம் ஏன் ஏற்பதில்லை? உற்சவ காலங்களில் கோயில் வாசலிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் பாவைக்கூத்தைக் கண்டு களித்த அடியார்கள் இதைச் சற்று ஆராய்வது தகும்.

முதலில் பாவையாட்டத்தின் இயல்பை அறியவேண்டும். சோழநாட்டு மரப்பாவைக் கூத்தாகிய பொம்மலாட்டத்தில், பாரதநாட்டு நூற்பாவைகளுள் மிகப் பெரியனவும் கனத்தனவுமான பாவைகள் ஆடுகின்றன. ஒரு பாவை நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் கொண்டதாக இருத்தல் உண்டு. அத்தனை பாரத்தையும் விரல்நூலால் மட்டும் தாங்க இயலாது. ஆகவே ஆட்டுபவர் தம் தலையில் ஓர் இரும்பு வளையத்தைச் சூடிக்கொள்கிறார். பாவையின் நூல்கள் அவ்வளையத்தில் பிணைக்கப்படுகின்றன. கைகளை இயக்கக் கோல்களும் உண்டு. அவர் சிரம் அசைய, பாவை அசையும். முன்னே அமர்ந்தவர்கள் பாவையின் நடனத்தைக் காண்கிறார்கள்; அவர் கழுத்து நரம்பு புடைத்திருப்பதை எவரும் காண்பதில்லை.

தென்பாண்டி நாட்டிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் வழங்கும் தோற்பாவைக்கூத்து வேறு வகையது. பதப்படுத்திய ஆட்டுத்தோலை மெல்லியதாக்கி, வெட்டி, துளையிட்டு, வண்ணமேற்றி, வெண்திரைக்குப் பின்னே விளக்கொளியில் பொருத்தி ஆட்டுவது அது. இதை நடத்துவோர் மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் வகுப்பினர். தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் என்பர். ஊர் ஊராகச் சென்று, பத்து இரவுகள் ஸ்ரீராமாயணத்தை நடத்துவர். மழை வேண்டி ஊரார் இவர்களை அழைப்பித்ததும் உண்டு. இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றி ஜனங்களைச் சிரிக்கவைப்பார்கள். எண்ணெய் விளக்கு போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. அதுவும் போய் மின்விளக்கு வந்தது. ஆனால் திரைக்குப் பின்னே அமர்ந்த ஒருவரே ஸ்ரீராமனுக்கும், ராவணனுக்கும், ஸீதாபிராட்டிக்கும், சூர்ப்பணகைக்கும் மாறி மாறிக் குரல் தருகின்ற அந்த அற்புதம் மாறவில்லை. ராவணனுக்குக் குரல் கொடுத்ததனால் அவர் ராவணனாகிவிடுவதில்லை. அந்தர்யாமியாய் எல்லாருள்ளும் உறையும் எம்பெருமானை அவர்களுடைய தோஷம் தீண்டாது என்பதை மாணாக்கர்க்கு விளக்க இதைவிட எளிய உவமை கிடைப்பது அரிது.

‘சூத்திரதாரர்’ என்ற நாடகச் சொல்லுக்கே நூலைப் பிடித்திருப்பவர் என்று பொருள். இதைக் கொண்டு ரிச்சர்ட் பிஷெல் என்ற ஜெர்மானிய அறிஞர், பாவைக்கூத்தின் தாயகம் பாரதமே என்று 1900ஆம் ஆண்டில் வாதித்தார். நாடகமே அதிலிருந்து கிளைத்தது என்பதைப் பண்டிதர் பலர் ஒப்பவில்லை. அது நிற்க.

மரப்பாவை உவமை இதிஹாஸ புராணங்களில் பலவிடத்து வருகிறது. அதை யார், எந்த நிலையில், எதற்காகச் சொன்னார் என்று பார்த்தால் ஒரு வியப்பான செய்தி புலப்படும்.

மஹாபாரதத்து வனபர்வத்தில் அதைச் சொன்னவள் த்ரௌபதி. ராஜ்யம் இழந்து, சபையில் மானபங்கமும் உற்று, காட்டில் வாடிய அவள், ஈச்வரன் பிராணிகளை மரப்பாவைபோல் அங்கம் அங்கமாக அசைத்து விளையாடுகிறான் என்று யுதிஷ்டிரனிடம் குமுறினாள். யுதிஷ்டிரன் என்ன சொன்னான்? அவள் பேச்சு அழகியது, இனியது, ஆனால் நாஸ்திகம் என்றான். எல்லாம் ஈச்வரன் செயல் என்ற சொல்லுக்கு நாஸ்திகம் என்று பெயரிட்டவன் தர்மபுத்திரன்! அவளும் பிடிவாதம் பிடிக்கவில்லை. துயரத்தால் பிதற்றினேன் என்று ஒப்புக்கொண்டு, உடனே முயற்சியின் பெருமையைப் பேசத் தொடங்கினாள். விதியை நம்பிப் படுத்திருப்பவன் நீரில் கிடக்கும் சுடாத மண்குடம்போல் கரைந்துபோவான் என்றாள். பாவை உவமையைச் சொன்னவளே அதைக் கடந்து சென்றாள் என்பது கவனிக்கத்தக்கது.

உத்யோகபர்வத்தில் அதையே த்ருதராஷ்டிரன் சொல்லுகிறான். உறக்கம் வாராத அவ்விரவில் விதுரர் நீதி மேல் நீதியாக எடுத்துரைக்கிறார். பாண்டவர்க்குரியதைக் கொடுத்துவிடு என்பதே அத்தனைக்கும் சாரம். கிழவனோ, மனிதன் எதற்கும் ஈசனல்லன், நூலில் கோத்த மரப்பாவை போன்றவன், ஆயினும் நீ சொல்லு, கேட்கிறேன் என்கிறான். விடியும் மட்டும் கேட்டான். முடிவில், நீ சொல்வது சரி, என் மனமும் அதையே நாடுகிறது, துர்யோதனனைக் கண்டதும் மாறிவிடுகிறது, விதியே பெரிது என்று முடித்தான். பிள்ளைப்பாசம் என்ற நூலைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டு, அதன் மறுதலையை ப்ரஹ்மாவின் கையில் திணித்த சாமர்த்தியம் அவனுடையது. பங்கை எழுதிக்கொண்ட தமையன் இவனுடைய வம்சத்தவன்.

ஸ்ரீபாகவதத்தின் தசமஸ்கந்தத்தில் ஜராஸந்தன் சொல்லுகிறான். ருக்மிணிப்பிராட்டியைக் கண்ணன் தேரேற்றிச் சென்றபின் முகம் வாடிய சிசுபாலனைத் தேற்ற, மரப்பெண் ஆட்டுவிப்போன் விருப்பப்படி ஆடுவதுபோல் சுகதுக்கங்கள் வருகின்றன என்றும், தான் கண்ணனிடம் பதினேழு முறை தோற்றும் அழவில்லை என்றும் கூறினான். வார்த்தை வேதாந்தம். அதைச் சொன்னவனுக்கோ, எதிரே நின்ற ஈச்வரன் யாரென்று அப்பொழுதும் தெரியவில்லை.

அதே பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வ்ருத்ராஸுரன் சொல்லுகிறான். யுத்தகளத்தில் இந்திரனுடைய வஜ்ராயுதம் கைநழுவி விழுந்தது; பகைவன் எதிரில் குனிந்து அதை எடுக்க இந்திரன் வெட்கி நின்றான். அப்போது வ்ருத்ரன், மரத்தாலான பெண்ணும் இலையாலான மிருகமும்போல் எல்லாரும் ஈச்வரனுக்கு வசப்பட்டவரே, இது வருந்தும் வேளையன்று, வஜ்ரத்தை எடுத்து என்னைக் கொல் என்றான். தன் உயிரை வாங்கப்போகும் ஆயுதத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லும்போது அவ்வுவமையைச் சொன்னவன் அவன் ஒருவனே.

ஒருத்தி வேதனையால் சொன்னாள். ஒருவன் கடமையைத் தட்டிக்கழிக்கச் சொன்னான். ஒருவன் தோல்வியை மறைக்கச் சொன்னான். ஒருவன் தன்னை முற்றும் கொடுத்துச் சொன்னான். நால்வருக்கும் சொல் ஒன்றே.

இனி ஸித்தாந்தம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்து 61ஆம் சுலோகத்தில், ஈச்வரன் ஸர்வபூதங்களின் ஹ்ருதயத்தில் நின்று, யந்திரத்தில் ஏறியவர்களைப்போல் அவர்களைச் சுழற்றுகிறான் என்ற கருத்து வருகிறது. மேலெழுந்தவாரியாகப் படிப்போர் ஜீவனே யந்திரம் என்று கொள்வர். எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் தேஹேந்திரிய வடிவான ப்ரக்ருதியையே யந்திரம் என்று அருளிச்செய்தார். அப்படியாயின் ஜீவன் யந்திரமல்லன், யந்திரத்தின்மேல் ஏறியிருப்பவன். அன்றியும், இரண்டு சுலோகம் கழித்து 63ஆவதில், இவையனைத்தையும் நன்கு ஆராய்ந்து, பின் உன் விருப்பம்போல் செய் என்று பகவான் அர்ஜுனனிடமே விட்டுவிடுகிறான். எந்தப் பொம்மலாட்டக்காரராவது தம் பாவையிடம் அவ்வாறு சொன்னதுண்டா? மரத்துக்கு உபதேசம் செய்வார் இல்லை. பதினெட்டு அத்தியாயம் உபதேசம் நடந்தது என்பதே கேட்டவன் மரமல்லன் என்பதற்குப் பிரமாணம்.

ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் இவ்விசாரம் விரிவாக நடைபெறுகிறது. ஜீவன் கர்த்தாவே, அல்லாவிடில் விதிநிஷேத சாஸ்திரம் வீணாகும் என்று ஸ்தாபித்து, அந்தக் கர்த்ருத்வமும் பரமாத்மாவுக்கு அதீனமானது என்றும் நிலைநாட்டி, இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதற்கு உடையவர் ஓர் உலகியல் உதாரணம் காட்டுகிறார். இருவருக்குப் பொதுவான தனம் ஒன்று உள்ளது. அதை மூன்றாமவருக்குக் கொடுக்க ஒருவன் விரும்பினால், மற்றவனுடைய அனுமதியின்றி இயலாது. ஆயினும் அனுமதி பெற்றுக் கொடுத்தபின், கொடுத்த செயல் அவனுடையதே. பலனும் அவனையே சேரும். அதுபோல, ஜீவனுடைய முதல் முயற்சியை நோக்கி அந்தர்யாமி அனுமதி தந்து காரியத்தை நடத்துகிறான். பங்கு விவகாரத்துக்கே பங்காளிகளின் தனத்தை உதாரணமாக உடையவர் எடுத்தது தற்செயலாயினும், தமையன் செவியில் விழவேண்டிய உதாரணம் அது!

தீயசெயலுக்கும் ஏன் அனுமதி தரவேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. கருவிகளையும் சக்தியையும் கொடுத்து, நன்மை தீமைகளைச் சாஸ்திரத்தால் அறிவித்தும் ஆயிற்று. அதற்குமேல் கையைப் பிடித்துத் தடுப்பின் ஜீவன் மெய்யாகவே மரமாவான். தன்னிடம் மிகுந்த அனுகூலபுத்தியோடு ஒருவன் நடக்கத் தொடங்கினால், நல்ல கர்மங்களில் ருசியை அவனே பிறப்பிக்கிறான் என்றும் பாஷ்யகாரர் அருளினார். தொடக்கம் ஜீவனிடத்தது. துயருற்றவனுக்கு இந்த விடை முழு ஆறுதலைத் தந்துவிடும் என்று சொல்லமுடியாது. த்ரௌபதிக்கே தரவில்லை.

அப்படியாயின் பாவை உவமை முற்றும் பொய்யா? அன்று. பாவையின் பாரத்தைத் தலையில் தாங்கும் பொம்மலாட்டக்காரரை நினைத்தால் அதன் மெய் விளங்கும். எம்பெருமான் ஜீவனை நியமிப்பவன் மட்டுமல்லன், தரிப்பவனும் ஆவான். நூலை இழுப்பவன் எட்ட நின்று விளையாடுகிறான் என்பது த்ரௌபதியின் குறை. இழுப்பவனே சுமக்கிறான் என்பது ஸித்தாந்தம். நம் பூர்வாசார்யர்கள் ‘அசித்வத் பாரதந்த்ரியம்’ என்று ஒன்றைக் கொண்டாடினார்கள். சந்தனமும் பூவும்போல, உகப்பவன் உகந்தபடி கிடத்தல் அது. அது அவனுக்கு அனுபவப்பொருளாய்த் தன்னைக் கொடுக்கும்போது சொல்லும் சொல். பிறன் பொருளை எடுக்கும்போது சொல்லும் சொல் அன்று.

திருவள்ளுவரும் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாகிய 1020ஆவதில் மரப்பாவையைக் கொண்டுவந்தார். அகத்தில் நாணமில்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்பட்ட மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்பது அவர் கருத்து. நாண் என்பதற்கு வெட்கம் என்றும் கயிறு என்றும் பொருளுண்டு. உள்ளே நாண் உள்ளவன் மனிதன். அது அற்று, வெளியே மட்டும் நாண் உள்ளது பாவை. ஆகவே நான் பாவைதானே என்று தவறிழைத்தவன் சொல்வானாகில், வள்ளுவர் அதை மறுக்கமாட்டார்!

தோற்பாவைக்கூத்தில் ராவணனும் கும்பகர்ணனும் விபீஷணாழ்வானும் ஒரே தோலில், ஒரே கையால், ஒரே உளியால் செதுக்கப்பட்டவர்கள். இதிஹாசத்திலும் அவர்கள் ஒருவயிற்றுப் பிள்ளைகள். மால்யவான் புத்தி சொன்னபோது, இரண்டாக முறிந்தாலும் வளையமாட்டேன், இது என் பிறவிக்குணம் என்றான் ராவணன். கும்பகர்ணன் தவறென்று அறிந்து, சபையில் எடுத்தும் சொல்லி, அண்ணனுக்காகவே மாண்டான். விபீஷணனோ லங்கையையும் மனைவி மக்களையும் விட்டு, நான்கு ராக்ஷஸர்களுடன் கடலைத் தாண்டி ஆகாயத்தில் வந்து நின்றான். பிறவிக்குணம் என்ற நூல் மூவருக்கும் பொதுவாயிருந்தும் மூவர் மூன்று வழி சென்றனர். ஸுக்ரீவ மஹாராஜர் அவனை ஏற்கலாகாதென்று தடுத்தார். பெருமாள் எல்லாருடைய கருத்தையும் கேட்டே அபயமளித்தார். முன்பே நூல்கட்டி முடிந்த ஆட்டமாயின் அவ்வளவு ஆலோசனை எதற்கு?

மலைநாட்டுப் பாலக்காட்டுச் சீமையில் பகவதி கோயில்களுக்கு எதிரே கூத்துமாடம் என்று தனி மண்டபம் உண்டு. அங்கு நடக்கும் தோற்பாவைக்கூத்துக்குப் பாட்டு, கம்பநாட்டாழ்வாருடைய ராமாயணம். மலையாள நாட்டில் தமிழ்ச் செய்யுளே இன்றும் ஒலிக்கிறது. ஸ்ரீரங்கத்தில் தாயார் ஸந்நிதிக்கு எதிரே அரங்கேறியதென்று பெரியோர் சொல்லும் காவியம், பகவதியின் ஸந்நிதிக்கு எதிரே இரவுதோறும் அரங்கேறுவது ஓர் ஆச்சரியம். ராமராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகாஸுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் அதைக் காணவில்லை. அவள் காணவே இக்கூத்து ஏற்பட்டது என்பது ஐதிஹ்யம். ஆட்டுபவர்களுக்குப் புலவர் என்று பட்டம். செய்யுளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் சாஸ்திரம் கலந்து விரிவுரையும் சொல்லவேண்டும். அம்மரபினரான ராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

திரைக்குப் பின்னே 21 தீபங்கள் வரிசையாக எரியும். நள்ளிரவுக்குமேல் எதிரே ஜனங்கள் இருப்பது அரிது. ஒருவருமே இல்லாத இரவுகளும் உண்டு. ஒரு பாட்டை விட்டுவிட்டால் கேட்பாரில்லை. விரிவுரையைச் சுருக்கினால் குறைசொல்வாரில்லை. எந்த நூலும் அவர்களைக் கட்டியிருக்கவில்லை. ஆயினும் புலவர்கள் திரைக்குப் பின்னே நின்று, தீபத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, பகவதி கேட்கிறாள் என்று அன்றைய பாட்டுகளை முறைப்படி சொல்லி முடிக்கிறார்கள்.